செங்கமேட்டு வாய்க்காலில் இறங்கியவர்

வீரையனுக்கு ஊரில் பாதிப் பேரோடு சண்டை உண்டு. வரப்பை வெட்டிய பங்காளி, ஈரநெல் என்று மூட்டையைத் திருப்பிய கொள்முதல் நிலையத்து ஆள், வண்டியை மடக்கிய போலீஸ்காரர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடுகிற சண்டைகள். ஆறாமல் வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். கணக்குத் தணிக்கைக்கு வந்த ஒரு மனுஷன், சட்டைப் பையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கி, செங்கமேட்டு வாய்க்காலில் கடைமடை வரைக்கும் தண்ணீர் ஓடுகிறது என்று எழுதிவிட்டுப் போனாரே, அது.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் இருக்கிற செங்கமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த வாய்க்கால் செத்து வெகு காலமாகிறது என்று. தலைமதகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் மண்மூடிப் போய், உள்ளே அருகம்புல்லும் கோரையும் மண்டிக் கிடக்கிறது. ஆற்றில் கரை புரண்டு போனாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. வீரையனின் நிலம் அந்த வாய்க்காலின் வாலில். அடுத்தவன் போர்வெல்லில் தண்ணீர் கேட்டு நின்று சாகுபடி செய்கிற பிழைப்பு. போதாத குறைக்கு ஒரு குட்டியானை வண்டி வாங்கி லோடு ஓட்டினான்.

தூர்வாரக் கேட்டு அவன் மனுக் கொடுக்காத இடமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வரும். தணிக்கையின்போது மேற்படி வாய்க்காலில் நீர் ஓடக் காணப்பட்டது, ஆகவே தூர்வாரும் அவசியம் எழவில்லை. பாசன அலுவலகத்தில் இருந்த எழுத்தருக்கு இவன் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். "தண்ணி ஓடுற வாய்க்கால்ல எப்படிய்யா மண்ணு வெட்டுறது? முதல்ல தண்ணிய நிறுத்தச் சொல்லிட்டு வாங்க" என்பார்.

அன்றைக்கு நடந்ததை வீரையன் கரையில் நின்று பார்த்தவன். ஆவணி மாதத்து உச்சி வெயில். ஜீப்பிலிருந்து இன்ஜினியரும், மெலிந்து உயரமாக ஒரு அதிகாரியும் இறங்கினார்கள். அதிகாரியின் பெயர் அனந்தநாராயணன் என்பது அவனுக்குப் பிற்பாடுதான் தெரியும். வேலை நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தைத் தணிக்கைக்காரரும் துறைக்காரரும் சேர்ந்து போய்ப் பார்த்து, கண்டதை மட்டும் அங்கேயே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார்கள். அதிகாரி பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வாய்க்காலுக்குள் போட்டார். பழம் மிதந்து போகிற வேகத்தை வைத்து நீரோட்டத்தை அளப்பது அவர் வழக்கமாம்.

கரையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் தலைமதகைத் திறக்கும்போது மதகுக்காரர் மதகடிக் கருப்புசாமிக்குப் படைத்த எலுமிச்சம்பழத்தை வாய்க்காலில் உருட்டிவிடுவார். பழம் முன்னே போக வேண்டும், அதன் பின்னாலேயே தண்ணீர் வர வேண்டும். பழம் வயலோடு போய்ச் சேர்ந்துவிடும், யாரும் அதைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். அது தண்ணீரைக் கூப்பிடுகிற பழம்.

பழம் விழுந்ததை வீரையன் பார்த்தான். காய்ந்த அருகின் மேல் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ஆனால் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கரையோடு நடக்க ஆரம்பித்தார். நடை பழகும் குழந்தைக்குப் பக்கத்தில் போவதுபோல மெதுவாக, எதன் மேலோ கண்ணை வைத்துக்கொண்டு போனார். குறுக்குப் பாலத்தருகே வந்ததும் நின்றார். ஷூவைக் கழற்றினார், பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார், உள்ளே இறங்கினார். தண்ணீருக்குள் நடக்கிறவன் காலைத் தூக்கித் தூக்கி வைப்பானே, அந்த மாதிரி கையை விரித்துத் தடுமாறி நடந்து, குனிந்து பழத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். டிரைவர் துண்டை நீட்டினான். உட்கார்ந்து காலைத் துடைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி எழுதிய தாள் கைக்கு வந்ததும் இன்ஜினியர் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீரையன் ஓடிப்போய் மறித்தான். காய்ந்து கிடக்கிற வாய்க்காலை என்னவென்று எழுதினீர்கள் என்று கத்தினான். அந்த மனுஷன் கோபப்படவில்லை. இவனை ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கண்ணால பாக்காததை நான் எழுதினதே இல்லைங்க. முழங்கால் மட்டும் தண்ணி இருக்கு."

ஜீப் போன பிறகு வீரையன் பழம் விழுந்த இடத்தைக் கரையிலிருந்தே தேடினான். அங்கே பழம் இல்லை. கோரைக்குள் எங்கேயாவது கிடக்கும் என்று விட்டுவிட்டான். அந்த ஆள் பையில் இரண்டு பழம் வைத்திருந்திருப்பான், எல்லாம் ஏமாற்று வேலை, இன்ஜினியரிடம் வாங்கித் தின்றிருப்பான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஏழெட்டு வருஷம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்புறம் ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து பாபநாசத்துக்கு வீட்டுச் சாமான் ஏற்றுகிற சவாரி வந்தது. மனைவியை இழந்த ஒரு பெரியவர், வாடகை வீடு மாறுகிறார். சாமான் கொஞ்சம்தான். முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. அய்யம்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தது. நிற்கிற நேரத்தில் பேச்சுக்கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். வீரையன் சொன்னான்.

பெரியவர் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"செங்கமேடா? வாய்க்கால்ல தண்ணி வருதா இப்ப?"

வீரையன் என்ஜினை அணைத்தான். திரும்பி முகத்தைப் பார்த்தான். முடி கொட்டிப்போயிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் அதே ஆள்.

"நீங்கதானே வருதுன்னு எழுதிட்டுப் போனீங்க. அப்புறம் என்ன கேள்வி?"

சாமானை நடுரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிற ஆத்திரம். ரயில் போகிற மட்டும் வாயில் வந்ததையெல்லாம் கேட்டான். அனந்தநாராயணன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கேட் திறந்து, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் பேசினார்.

"திரும்பவும் ஒரு தடவை வந்தேன். யாருக்கும் சொல்லாம, பஸ்ல. கோடையில. ஆத்துலயே வெறும் மணல். உங்க வாய்க்கால்ல ஓடிண்டிருக்கு. அன்னிக்குப் பிடிச்சது எனக்கு, என் கண்ணு மேலயே சந்தேகம்."

அந்த வருஷம் பூராவும் வீரையன் அந்த வீட்டுக்குப் போக வர இருந்தான். திட்டுவதற்கென்று போனவன்தான். போகப்போக அந்த மனுஷனின் கதை அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

திருப்பனந்தாள் பக்கம் நிலமிருந்த குடும்பம். தாத்தா காலத்தில் விற்றுவிட்டுப் பட்டணம் போனார்கள். இவர் பரீட்சை எழுதித் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்தார். ஆற்றுப் பாசனக் கோட்டங்களைத் தணிக்கை செய்கிற குழுவில் சர்வீஸ் முழுக்க ஓடியது. மற்றவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து பைல் புரட்டுவார்கள். இவர் மட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். பூதலூர்ப் பக்கம் ஒரு மதகுக் கதவுக்கு ரோட்டிலிருந்து தெரிகிற பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருந்ததை, மறுகரைக்கு நீந்திப் போய்க் கண்டுபிடித்தவர். இன்னோரிடத்தில் கரைச்சுவர் வளைவு வரைக்கும் இருந்தது, வளைவுக்கு அப்பால் இல்லை. அங்கே துறைக்காரர்கள் தலைவாழை இலை போட்டுக் காத்திருந்தார்கள். இவர் பையிலிருந்த பழத்தைப் பிழிந்து மோர் குடித்துவிட்டு வளைவைத் தாண்டி நடந்தார். அவருக்கு எலுமிச்சம்பழ ஆடிட்டர் என்றே பேர். அவர் மனைவி பர்வதம் உயிரோடு இருந்தவரையில், உங்கள் சட்டைப் பையெல்லாம் ஊறுகாய் வாசனை என்று கேலி செய்வாராம்.

அப்படிப்பட்டவருக்குச் செங்கமேடு இடியாய் வந்து விழுந்தது. ஆற்றில் இல்லாத தண்ணீரை வாய்க்காலில் கண்ட கண், மற்ற இடத்திலெல்லாம் என்னத்தைக் கண்டது? ஓய்வு பெற்ற பிறகு, தான் பார்த்து எழுதிய மதகுகளையும் கரைகளையும் பஸ்ஸில் போய் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துவந்தார். எல்லாம் அவர் எழுதியபடியே இருந்தன. இல்லை என்று எழுதியது இல்லாமலும், இருக்கிறது என்று எழுதியது தேய்ந்து துருப்பிடித்தும் இருந்தன. செங்கமேடு மட்டும்தான் பொருந்தவில்லை.

வீரையனுக்கும் அந்த வருஷம் கெடு இருந்தது. சிங்கப்பூரில் இருக்கிற மகன் அரவிந்தன் முடிவாகச் சொல்லிவிட்டான். இந்தத் தடவை தூர்வாரும் பட்டியலில் வாய்க்கால் பேர் வரவில்லையென்றால் நிலத்தை விற்றுவிட வேண்டும், இனிமேல் அடுத்தவன் போர்வெல்லில் போய் நிற்கக்கூடாது என்று. வீரையனும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தான். பாசன அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த மேலதிகாரி கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார். அன்று எழுதிய தணிக்கைக்காரரே தவறு என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார்.

அனந்தநாராயணனும் போடத் தயார்தான். ஒரே ஒரு தடவை அந்த வாய்க்காலைக் காய்ந்ததாகக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அங்கேயே உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்றார். அந்த ஒரு தடவைதான் வாய்க்கவில்லை. வீரையன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். கரையில் நிறுத்துவான். பார்த்துவிட்டுப் பெரியவர் உதட்டைப் பிதுக்குவார்.

"ஓடறது, வீரையன்."

தஞ்சாவூருக்குப் போய்க் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டார். கண் கண்ணாடிபோல இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கட்டுப் பிரித்த கையோடு செங்கமேட்டுக்கு வந்தார்கள். இப்போது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது, அடியில் மண்ணில் நண்டு ஓடுவது தெரிகிறது என்றார். வீரையனுக்கு அழுகை வரும்போலிருந்தது.

"பொய்யா ஒரு கையெழுத்துப் போட்டா கை அழுகியா போயிடும்? ஊரே காய்ஞ்சு கெடக்குதுன்னு சொல்லுது. நீங்க ஒருத்தர்தான் தண்ணி தண்ணிங்கிறீங்க."

பெரியவர் எதிர்க்கரையைக் கை காட்டினார். அங்கே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பங்குனி மாதம். கரையில் புல் கருகித் தீய்ந்து போயிருந்தது. வாய்க்காலின் அடியிலோ அருகு பச்சையாக முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒரு ஆடு முன்னங்காலைச் சரிவில் வைத்தது, மூக்கை நீட்டியது, பின்வாங்கிவிட்டது.

"அதுங்க ஏன் இறங்கலை?"

வீரையன் வெகு நேரம் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆடு வளர்க்கிறவனுக்கு இது இத்தனை நாள் ஏன் கண்ணில் படவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை. அன்று பெரியவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, அவர் கால் வைத்திருந்த ரப்பர் கால்மிதியில் ஈரம் இருந்தது. தண்ணீர் பாட்டில் சிந்தியிருக்கும் என்று நினைத்தான். பாட்டிலை எடுத்துப் பார்த்தான், மூடி இறுகியிருந்தது. கால்மிதியில் புதுவெள்ளத்து வண்டல் வாசனை அடித்தது. வீட்டுக்கு வந்து ஷாம்பு போட்டுக் கழுவினான். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் மனைவி ராஜாத்திக்குச் சொல்லாமலே தெரியும். பெரியவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, தூணோரம் நின்று அவர் காதில் விழட்டும் என்றே பேசினாள்.

"மதகுக்காரரு பழத்தை உருட்டிட்டுத் திரும்பிப் பாக்காமப் போவாரு. இவரு கூப்பிட்டதும் கூப்பிட்டாரு, பழத்தை எடுத்துக்கிட்டும் போயிட்டாரு. அது யார் பின்னாடி வரும்? பழம் வச்சிருக்கிறவரு பின்னாடிதான் வரும்."

வீரையன் அவளை அதட்டினான். அனந்தநாராயணன் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், ஊரில் யாராவது இப்போது வாய்க்காலுக்குள் இறங்குகிறார்களா என்று. ராஜாத்தி சிரித்தாள்.

"யாரு இறங்குவா? அன்னியோட சரி. புல்லறுக்கக்கூடப் பொம்பளைங்க போறதில்ல. பாலத்தைச் சுத்திக்கிட்டுத்தான் போறோம். இதோ, வீரமா நிக்கிறாரே, இவரையும் கேளுங்க."

வீரையன் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். காய்ந்து கிடக்கிறது என்று தாலுகா அலுவலகம் முதல் கலெக்டர் அலுவலகம் வரைக்கும் போய்த் தொண்டை கிழியக் கத்தியவன், அந்த ஆவணிக்குப் பிறகு அதில் ஒரு தரம்கூடக் கால் வைக்கவில்லை. வயலுக்குக் குறுக்கே போனால் நாலு எட்டு. அவனும் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனான். ஏன் என்று அவனை யாரும் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அடுத்த மாசியில் பெரியவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர்கள் அதை எடுக்க எடுக்க மறுபடி மறுபடி சேர்ந்தது. சென்னையிலிருந்து மகள் மாதங்கி வந்து தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். தூர்வாரும் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது, அந்த வாரத்தோடு முடிந்துவிடும் என்று வீரையனுக்கு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்பதா வேண்டாமா என்று கூச்சத்தோடு போனான். மாதங்கி அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அப்பா உங்களைத்தான் கேட்டுண்டே இருக்கார். உள்ள போங்க. கட்டிலுக்கடியில ஈரமா இருக்கும், வழுக்காமப் பாத்துப் போங்க. நர்ஸ் துடைச்சுண்டேதான் இருக்கா, எங்கேருந்து வர்றதுன்னு தெரியலை."

அனந்தநாராயணன் தலையணையில் சாய்ந்திருந்தார். மூச்சு விடுகிறபோது உள்ளே குழாய் ஓடுகிற மாதிரிச் சத்தம் வந்தது. பக்கத்தில் அந்த எவர்சில்வர் டப்பா. திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம், காய்ந்து கறுத்துப் பாக்குபோல இறுகிக் கிடந்தது. அன்றைக்கு எடுத்த பழம். மற்றதையெல்லாம் மோரில் பிழிந்துவிட்டதாகவும், இதைப் பிழியக் கை வரவில்லை என்றும் சொன்னார். வீரையன் எடுத்துப் பார்த்தான். காற்றாய் இருக்க வேண்டிய பழம் கனத்தது. காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே தளும்பியது.

டப்பாவுக்கடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு, மாதங்கியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். செங்கமேட்டு வாய்க்காலை மறுபடி நேரில் பார்த்ததில் அது, என்று எழுதி ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருந்தார். அதற்குப் பிறகு, இருக்கக் காணப்பட்டது, என்று முடித்திருந்தார்.

"என் கண்ணை நான் நம்பலை. உங்க கண்ணை நம்பறேன். ஆனா கரையில நின்னு எழுதக்கூடாது. நான் ஒருநாளும் கரையில நின்னு எழுதினதில்லை." மூச்சு வாங்கிக்கொண்டு, வரிசையாகச் சொன்னார். பழத்தை எங்கே போட்டாரோ அங்கேயே கொண்டுபோய் விட வேண்டும். எடுக்கக்கூடாது. இறங்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்க வேண்டும். நடந்த பிறகு, கால் எப்படி இருந்ததோ அதை அந்த இடத்தில் எழுத வேண்டும். காய்ந்திருந்தால் காய்ந்து என்று. இல்லையென்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

வீரையன் தலையாட்டினான். தாளை மடித்துப் பையில் வைத்தான், பழத்தை டப்பாவோடு எடுத்துக்கொண்டான். கதவு வரைக்கும் போனவனை அவர் மறுபடி கூப்பிட்டு இன்னொன்று சொன்னார். சரி என்றுவிட்டு வந்தான். மறுநாள் விடிகாலையில் மாதங்கி போன் செய்தாள்.

தகனத்துக்குப் போய்விட்டு, அப்படியே அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஏழெட்டு வருஷமாகச் சொல்லிவருகிற சொல்தானே. பேனாவைக்கூட எடுத்தான். எழுத வரவில்லை. பார்க்காமல் எழுதிவிட்டார் என்றுதானே அந்த மனுஷனை ஊர் ஊராகத் தூற்றினான்.

வண்டியைத் திருப்பிச் செங்கமேட்டுக்கு விட்டான். வெயில் சுள்ளென்று அடித்தது. வாய்க்கால் எப்போதும்போலத்தான் கிடந்தது, பச்சைப் புல்லும் கோரையுமாக. மேலே காற்றே இல்லை. கோரை மட்டும் ஒரே பக்கமாக, கடைமடைப் பக்கமாகச் சாய்ந்து லேசாக அசைந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் மேய்ந்த ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு இவனையே பார்த்தன. அப்பால் அவன் வயல், நடவுக்கு உழாமல் வெடித்துக் கிடந்தது.

பழத்தை எடுத்து, அன்று விழுந்த இடத்தைக் குறிபார்த்துப் போட்டான். புல்லுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. தாளையும் பேனாவையும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். சரிவில் ஒரு காலை வைத்தவன், கதவருகே அவனைக் கூப்பிட்டு அந்த மனுஷன் கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்து நின்றான்.

"செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க, வீரையன்."